கடலோரமாகப் போவதா, கடலோரமாகத் திரும்புவதா?

சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் காரில் போக முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் ஏறி, விழுப்புரம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று உள்மாவட்டங்கள் வழியே இறங்குவது ஒன்று. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம், தொண்டி, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று கரையோரமாகவே போய்க் கன்னியாகுமரியைத் தொடுவது மற்றொன்று. முதல் வழி ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இரண்டாவது அதைவிட 60, 70 கிலோமீட்டர் கூடுதல். வரைபடத்தில் தெரியும் இந்தச் சிறிய வேறுபாடுதான் ஆளை ஏமாற்றுகிறது. உள்வழியில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நாகர்கோவில் சேர்ந்துவிடலாம். கடலோர வழியில் வண்டி ஓட்டுவதற்கு மட்டுமே 15 மணி நேரத்துக்குக் குறையாது. அதை ஒரே நாளில் முடிக்க நினைப்பவருக்குக் கடலும் வாய்க்காது, உறவினர் வீடும் வாய்க்காது.

கோடை விடுமுறையில், ஒரே காரில், பள்ளிப் பிள்ளைகளோடும் வயதான அம்மா அல்லது அப்பாவோடும் கிளம்பி, வழியில் மூன்று நான்கு வீடுகளில் தலைகாட்ட வேண்டிய குடும்பத்தை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அத்தை காரைக்காலில், சித்தி தூத்துக்குடியில், பெரியப்பா நாகர்கோவிலில் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு முன்னால் இருப்பவை மூன்று: கடலோரமாகப் போய் உள்வழியில் திரும்புவது, உள்வழியில் போய்க் கடலோரமாகத் திரும்புவது, காரை வீட்டிலேயே விட்டு ரயிலில் போய், அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வது. போகவும் வரவும் கடலோரம்தான் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் விடுமுறையும், சலிக்காமல் ஓட்ட இரண்டு பேரும் இருந்தாலொழிய அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எட்டு நாளாவது கையில் இருக்குமானால் இந்த மூன்றில் இரண்டாவதே, அதாவது உள்வழியில் போய்க் கடலோரமாகத் திரும்புவதே மேல் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்லும் முன், இந்தச் சாலை உண்மையில் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டுவதில்லை என்பதைத் தெளிவாக்கிவிட வேண்டும்.

கடற்கரைச் சாலை என்ற பெயரைக் கேட்டதும் சன்னலுக்கு வெளியே அலை புரளும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான தொலைவுக்கு அது நடக்காது. முட்டுக்காட்டில் கழிமுகத்தைக் கடக்கிறோம். மாமல்லபுரம் வரை சவுக்குத் தோப்புகளுக்கும் சுற்றுச்சுவர்களுக்கும் இடையே கடல் விட்டுவிட்டுத் தெரிகிறது. மரக்காணத்தில் உப்பளங்கள் சாலையின் ஓரம் வரை வந்து கண்ணைக் கூசவைக்கின்றன. புதுச்சேரியைத் தாண்டியபின் சாலை கடலைவிட்டு ஒதுங்கி, வயலுக்கும் ஊருக்கும் நடுவே போகிறது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும், வேளாங்கண்ணியையும், மல்லிப்பட்டினத்துக்கு அருகே தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா கோபுரத்தையும் பார்க்க வேண்டுமானால் முதன்மைச் சாலையிலிருந்து திரும்பித்தான் போக வேண்டும். அதிராம்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதைக் காற்றில் அடிக்கும் உப்பு வாடையால்தான் அறிய முடியும்.

தென்கோடிக்குப் போகப்போகத்தான் இந்தக் கரை தன்னைத் திறந்து காட்டுகிறது. இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே பிரிந்து பாம்பன் பாலத்தில் ஏறும்போது இருபுறமும் கடல். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியைச் சாலைப் பாலத்திலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை போகிறது. இரண்டு கடல்களுக்கு நடுவே காரில் போவது தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காத காட்சி. அதற்கும் தெற்கே, திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகும் 90 கிலோமீட்டர்தான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி என்று தயங்காமல் சொல்வேன். ஒரு பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் பனைக்கூட்டமும், மறுபக்கம் மீனவர் குடியிருப்புகளின் உயரமான தேவாலயக் கோபுரங்களுமாக அந்தச் சாலை ஓடுகிறது. மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலின் படிகளில் மாலை 5 மணிக்கு உட்கார்ந்தால், கீழே ஒரு பக்கம் திறந்த கடலும் மறுபக்கம் உப்பங்கழியும் ஊரும் ஒரே பார்வையில் அடங்கும்.

அழகு தெற்கில் குவிந்திருக்கிறது; நாம் கிளம்புவதோ வடக்கிலிருந்து. கடலோரமாக இறங்குகிறவர் முதல் இரண்டு நாளை மாமல்லபுரத்திலும் புதுச்சேரியிலும் செலவழித்து, அத்தையின் வற்புறுத்தலால் காரைக்காலில் ஒரு நாளைக் கூட்டி, இராமநாதபுரம் வரும்போது விடுமுறையில் பாதியைக் கரைத்திருப்பார். அதன்பின் தனுஷ்கோடி விடுபடும், மணப்பாடு விடுபடும், கடைசியில் பெரியப்பா வீட்டில் ஒரு நாள் மட்டும் தங்கி, மறுநாளே பெட்டியைக் கட்டும் நிலை வரும். சென்னையில் இருப்பவர் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் எந்தச் சனி ஞாயிறிலும் போய்வரலாம். நாகர்கோவிலுக்கு அப்படிப் போக முடியாது. ஆண்டுக்கு ஒருமுறைதான் முகம் பார்க்க முடிகிற பெரியவர்களுக்கு மிச்சம் மீதி நாட்களைக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீண்ட பயணத்தில் ஏதாவது ஒரு இடத்தில் திட்டம் குலையும்: ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், வண்டியில் ஏசி நின்றுபோகும். கடலோரத்திலிருந்து உள்வழிக்கு விலகிவிட நல்ல சாலைகள் சில இடங்களில் உள்ளன: தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு, இராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ, நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு. தெற்கு நோக்கி இறங்கும்போது இவற்றில் ஒன்றில் விலகினால், பார்க்க வேண்டியவர்களைப் பார்க்காமல் திரும்புகிறோம். வடக்கு நோக்கி வரும்போது விலகினால், முக்கியமானவர்களையெல்லாம் பார்த்துவிட்டுச் சற்று முன்னதாக வீட்டுக்குப் போகிறோம்; அவ்வளவுதான். அதே சாலை, அதே தடங்கல், ஆனால் இழப்பு ஒன்றல்ல. காரைக்கால் அத்தையிடம் போனில் சொல்லிச் சமாளித்துவிடலாம். அடுத்த மாதமே போயும் வரலாம்.

கையில் கொண்டுபோகும் பொருளிலும் இதே கணக்குதான். உறவினர் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. சென்னையிலிருந்து போகும்போது இனிப்புப் பெட்டிகளைத் தவிரக் கொண்டுபோகச் சிறப்பாக எதுவும் இல்லை. தெற்கிலிருந்து வரும்போதோ நாகர்கோவில் நேந்திரங்காய்ச் சிப்சும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியும், தூத்துக்குடி மக்ரூனும், முதலூர் மஸ்கோத் அல்வாவும் வழியிலேயே கிடைக்கின்றன. இவற்றை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே வரலாம். மக்ரூன் மட்டும் காரின் பின்பகுதியில் வெயிலில் இருந்தால் நமத்துப் போகும் அல்லது நொறுங்கும். அதைக் காலுக்கடியில் வைத்துக்கொள்வது நல்லது.

கடலோரமாகப் போவதற்கும் நியாயம் உண்டு. இந்தியச் சாலையில் நாம் இடப்பக்கம் போவதால், தெற்கு நோக்கிப் போகும்போது கடல் பயணிகளின் பக்கம் இருக்கும், இறங்கி நிற்கவும் எளிது. திரும்பும்போது எதிர்வரும் வண்டிகளுக்கு அப்பால்தான் கடல் தெரியும், கடற்கரைக் கிளைச்சாலை ஒவ்வொன்றுக்கும் எதிர்வரும் வண்டிகளைக் கடந்து வலப்பக்கம் திரும்ப வேண்டும். முதல் நாளே 700 கிலோமீட்டர் ஒரே மூச்சில் போவது பிள்ளைகளுக்கு அலுப்பு, ஓட்டுபவருக்கு அதைவிட அலுப்பு. திருச்சியிலோ மதுரையிலோ ஓர் இரவு தங்கினால் இந்தக் குறை தீரும், ஆனால் செலவு ஏறும். விடுமுறையின் தொடக்கத்தில் மனம் உற்சாகமாக இருக்கும்போது அழகான வழியில் போக வேண்டும், திரும்பும்போது சீக்கிரம் வீடு சேர்ந்தால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வழியில் உறவினரே இல்லாமல், விடுதிகளில் தங்கிச் செல்லும் இளம் தம்பதிக்கு நானும் அப்படியே சொல்வேன். சொந்தக்காரர் வீடுகள் நடுவில் வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது.

கோடை என்பதால் பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மே மாதம் முதல் வாரத்தில் தொடங்கி மாத இறுதியை ஒட்டி முடியும் கத்திரி வெயிலில் திருச்சி, மதுரைப் பக்கம் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். கடலோரத்தில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே புகுவதால் வெப்பமானியில் அளவு குறைவாக இருக்கும். ஈரப்பதம் காரணமாக வியர்வை மட்டும் நிற்காது. கடற்காற்று எழும் முன், காலை 10 மணி முதல் நண்பகல் வரைதான் கரையில் மிகவும் புழுக்கமான நேரம். ஆகவே உள்வழி நாளை விடிவதற்கு முன்பே தொடங்கி, வெயில் ஏறும் முன் திருச்சியைத் தாண்டிவிட வேண்டும். கடலோர நாட்களிலோ காலை 6 மணிக்குக் கிளம்பி, 10 மணிக்கு ஏதாவது ஒரு கூரைக்குள் நுழைந்து, 3 மணிக்கு மேல் மீண்டும் வெளியே வரலாம். உறவினர் வீட்டு மதியச் சாப்பாடு இந்த இடைவெளிக்குள் அழகாகப் பொருந்திவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது மீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகுகளும் வள்ளங்களும் மட்டுமே கரைக்கு அருகில் பிடித்து வருகின்றன. வரத்து குறைவதால் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் வஞ்சிரம் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். விருந்தினர் வருகிறார்கள் என்றால் சித்தி அந்த விலையைக் கொடுத்தும் மீன் வாங்குவார். வாங்க வேண்டாம் என்று நேரில் சொன்னால் கேட்க மாட்டார். முதல் நாளே போனில், “அம்மாவுக்கு வயிறு சரியில்லை, ரசமும் துவையலும் போதும்” என்று சொல்லிவைப்பது அவருக்கு நாம் செய்யும் உதவி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சல், முட்டம் பக்கம், தடைக்காலம் ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. மே மாதம் முழுவதும் அங்கே படகுகள் போய்வருகின்றன. பயணத்தின் தொடக்கத்தில் பெரியப்பா வீட்டில் மீனை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வழியில் சைவத்துக்கு மாறுவது யாருக்கும் சுமையாகாத ஏற்பாடு.

மீனைவிடப் பெரிய சுமை தண்ணீர். இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் கோடையில் நல்ல தண்ணீருக்கு மக்கள் படும் பாட்டைச் சாலையில் போகும்போதே பார்க்கலாம். இரும்புச் சட்டத்தில் குடங்களை வரிசையாகப் பொருத்தி வைக்கும் தள்ளுவண்டிகளைப் பெண்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். வெறும் வண்டியே ஒருவர் தள்ளக் கனமானது. அப்படிப்பட்ட ஊரில் உள்ள வீட்டுக்கு ஆறு பேர் போய் இரண்டு இரவு தங்கி, காலையிலும் மாலையிலும் குளித்தால், நாம் கிளம்பிய பிறகு அந்த வீட்டார் பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் இதை நம்மிடம் சொல்ல மாட்டார்கள். அங்கே உறவினர் இருந்தால் மதியம் போய்ச் சாப்பிட்டு, மாலையில் காப்பி குடித்துவிட்டு, இரவுக்கு இராமேஸ்வரத்தில் அறை எடுத்துக்கொள்வது நாகரிகம். “ஏன், எங்கள் வீட்டில் தங்கக் கூடாதா?” என்ற கோபத்துக்கு, விடியற்காலையில் அக்கினி தீர்த்தத்தில் அம்மா நீராட வேண்டும் என்பதைவிட நல்ல பதில் கிடையாது.

மூன்றாவது தேர்வான ரயிலைச் சுருக்கமாகவே சொல்லலாம். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், தூத்துக்குடிக்குப் போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ், திருச்செந்தூருக்குப் போகும் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஆகிய இரவு வண்டிகளும், 2024 ஆகஸ்டு இறுதியில் தொடங்கப்பட்ட சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத் பகல் வண்டியும் இருக்கின்றன. முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. மே மாதத்து வெள்ளிக்கிழமைகளுக்கு அது திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதுகுவலி உள்ள, நீண்ட நேரம் உட்கார முடியாத பெரியவர் உடன் வந்தால் படுக்கை வசதியுள்ள இரவு ரயிலுக்கு இணை கிடையாது. சிக்கல் வருவது வாடகைக் காரில்தான். பல நாள் பயணத்துக்கு வண்டி எடுத்தால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு வைத்து, அதற்குமேல் ஓட்டுநர் பேட்டாவும் வாங்குவது வழக்கம். பெரியப்பா வீட்டு வாசலில் வண்டி இரண்டு நாள் சும்மா நின்றால் ஓடாத 500 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுகிறோம். உறவினரைப் பார்க்கும் பயணத்தில் வண்டி நிற்கும் நேரமே அதிகம் என்பதால் இந்த முறை நமக்கு ஒத்துவராது. உள்வழியில் போய்க் கடலோரமாகத் திரும்புவது என்று முடிவெடுத்தவர்களும், ஓட்டுபவர் ஒருவர் மட்டும்தான் என்றால், அம்மாவையும் பிள்ளைகளையும் நாகர்கோவிலுக்கு ரயிலில் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் காரில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். திரும்பும்போது எல்லோரும் காரில் வரலாம்.

சொந்தக் காரின் செலவு அவ்வளவு பயமுறுத்துவதில்லை. போகவர, கிளைச்சாலைகளையும் சேர்த்து 1,600 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் 10,000 ரூபாய் ஆகும். உள்வழியில் பரனூரில் தொடங்கிச் சமயபுரம், கப்பலூர், நாங்குநேரி என்று சுங்கச்சாவடிகள் வரிசையாக வரும்; ஃபாஸ்டேக்கில் போதுமான தொகையை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், திரும்பும் வழியில் காரைக்காலில் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம்.

திரும்பும் பாதையை நான் இப்படிப் பிரிப்பேன். நாகர்கோவிலில் மூன்று இரவுகள் தங்கிய பின், விடியலில் கிளம்பிக் கன்னியாகுமரி, உவரி வழியாக வந்து, வெயில் ஏறும் முன் உடன்குடிப் பக்கம் சாலையோரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றித் தரும் பதநீரைக் குடிக்க வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் அதைப் புளிக்காமல் இறக்குகிறார்கள். இருந்தாலும் நண்பகலுக்குமேல் பழைய சுவை இருக்காது. காலைப் பதநீருக்கும் மணப்பாட்டு மாலைக்கும் இடையே உள்ள நேரத்தைத் திருச்செந்தூர்க் கோயிலில் கழிக்கலாம். மணப்பாட்டுக்காக 20 கிலோமீட்டருக்குள் திரும்பி வர வேண்டியிருக்கும், அது தகும். இரவு தூத்துக்குடியில். மறுநாள் வேம்பார், சாயல்குடி, இராமநாதபுரம் வழியாக இராமேஸ்வரம். அதற்கடுத்த நாள்தான் கடினமானது: தேவிபட்டினம், தொண்டி, மணமேல்குடி, முத்துப்பேட்டை, வேளாங்கண்ணி என்று காரைக்கால் வரை 300 கிலோமீட்டருக்கு அருகில், பெரும்பகுதி நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் ஓட்ட வேண்டும். அந்த நாளில் பார்ப்பதற்கு மனோராவை மட்டும் வைத்துக்கொண்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் கோடிக்கரையையும் இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடலாம். காரைக்காலில் ஒரு நாள் முழுவதும் ஓய்வு. பிறகு தரங்கம்பாடி, சிதம்பரம், புதுச்சேரி வழியாகச் சென்னை.

தொண்டிக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே குடும்பத்தோடு நுழையத்தக்க கழிவறையுள்ள உணவகங்கள் குறைவு. பெட்ரோல் பங்க் எங்கே நல்லதாகத் தென்படுகிறதோ அங்கே எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்தப் பகுதியில் பலிக்காது. இருட்டியபின் ஆடுமாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும், எதிரே வரும் லாரிகள் விளக்கைத் தாழ்த்துவதில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே 6.30 மணிக்குமேல் ஓட்டுவதில்லை என்று கிளம்பும்போதே எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டால், வழியில் விவாதம் இராது. புதுச்சேரிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே நான்கு வழிச்சாலைப் பணி பல ஆண்டுகளாகப் பகுதி பகுதியாக நடந்துவருவதால், கூகுள் வரைபடம் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்துக்கொள்வது அவசியம். சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்கும்போது மதுரை நகரத்துக்குள் கார் நுழையவே கூடாது. சுற்றுச்சாலையிலும் நெரிசல் இருக்கும். வைகாசி விசாகத்தை ஒட்டிய நாட்களில் திருச்செந்தூருக்கு வரும் சாலைகள் பாதயாத்திரைக்காரர்களால் நிரம்பியிருக்கும். சென்னைக்குள் நுழையும் நாளாக ஞாயிற்றுக்கிழமையை வைக்க வேண்டாம். அன்று மாலை மாமல்லபுரத்திலிருந்து சென்னையின் தென்புறத்திலுள்ள அக்கரை என்ற பகுதி வரை வண்டிகள் ஊர்ந்துதான் போகும். செவ்வாய் அல்லது புதன் மதியம் புதுச்சேரியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், பிள்ளைகள் தூங்கி எழுவதற்குள் திருவான்மியூர் வந்துவிடும்.